அண்ணன் வெட்டிய இடத்தை ஒட்டாதீர்கள்

தலைமை தாங்கும் இசைக்கலைஞர் சங்கத் தலைவர் அவர்களே! மேடையில் நடுநாயகமாக வீற்றிருக்கும் ஒலிப்பதிவு நிறுவன மேலாளர் அவர்களே! முன்வரிசையில் அழுகையை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என் அண்ணி அவர்களே! வேலை உடுப்போடு அப்படியே வந்திருக்கும் பல்பு ஆலைத் தோழர்களே! உங்கள் எல்லோருக்கும் இந்தப் பாட்டுக்காரியின் வணக்கம்.

மேடை ஏறும்போதே தலைவர் என் காதில், "கொஞ்சம் சாந்தமா பேசுங்கம்மா" என்றார். சாந்தமான பேச்சு வேண்டுமென்றால் என்னைக் கூப்பிட்டிருக்கக் கூடாது ஐயா!

கத்திரி அண்ணன் போய்விட்டார். காலையில் முகம் கழுவப் போனவர் குளியலறை வாசலிலேயே சரிந்துவிட்டார். மாரடைப்பு. அதற்காக நான் யாரோடு சண்டை போட முடியும்? என் கோபம் சாவின் மேல் இல்லை. அவர் போன பிறகு நீங்கள் செய்த காரியத்தின் மேல்!

வாசலில் ஒரு பேனர் கட்டியிருக்கிறீர்கள். 'மைக்செட் அமைப்பாளர் மறைவு' என்று அதில் போட்டிருக்கிறது. மைக்செட் அமைப்பாளரா? எங்கள் ஒலிக்கலவை வேந்தரா மைக்செட் அமைப்பாளர்? உறவுக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் வந்திருக்கிறீர்கள், உங்களுக்காகச் சொல்கிறேன். மேடையில் நாங்கள் நாலு பேர் ரெக்கே என்ற ஜமைக்கா இசையை வாசிப்போம். டிரம்ஸ், பேஸ், கிதார், என் குரல். அண்ணன் எங்களோடு மேடையில் இருக்க மாட்டார். கூட்டத்துக்குப் பின்னால், கடைசிச் சுவரை ஒட்டி, மிக்ஸர் மேசையில் எங்களைப் பார்த்தபடி நிற்பார். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே கிதாரின் சத்தத்தை மூடுவார். டிரம்ஸை மூடுவார். பேஸ் மட்டும் நெஞ்சில் இடிக்கும். என் குரலிலிருந்து ஒரு சொல்லைப் பிடித்து எக்கோவுக்குள் தள்ளுவார், அது சுவருக்குச் சுவர் சுற்றிவிட்டுத் திரும்பி வரும். அதுதான் டப். எதை எப்போது வெட்டுவார் என்று எங்களுக்கே தெரியாது. அதனால்தான் அவருக்குக் கத்திரி என்று பெயர். எங்கள் குழுவில் ஐந்தாவது வாத்தியம் அந்த மேசைதான்.

அவர் எங்களுக்குப் போட்டது ஒரே ஒரு சட்டம். "மூடினாலும் கை நிக்கக் கூடாது. எப்ப திறப்பேன்னு எனக்கே தெரியாது."

எங்கள் கிதார்காரர் தாடி ஒருமுறை முறுக்கிக்கொண்டார். "எப்பப் பாத்தாலும் என்னைத்தான் மூடுறாரு" என்று பாட்டின் நடுவிலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். தாடி, தலையைக் குனியாதே, ஊருக்கே தெரிந்த கதைதான்! பாட்டு உச்சத்துக்கு ஏறுகிறது. அண்ணன் மற்ற எல்லாவற்றையும் மூடிவிட்டுக் கிதாரைத் திறந்தார். ஒன்றுமே இல்லை! அரங்கமே சிரித்தது. அடித்துவிடுவார் என்றுதான் நாங்கள் பயந்தோம். அவர் கருவிகளை மூட்டை கட்டிக்கொண்டே, "நீ வாசிச்சிட்டிருப்பேன்னு நம்பித்தானே திறந்தேன்" என்று மட்டும் சொன்னார். தாடி அன்றைக்கு மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதார்.

என்னை மட்டும் விட்டுவைத்தாரா? தொண்டை கிழிய நாலு வரி பாடினால் வெளியே ஒரு சொல்தான் போகும். "அண்ணே, நான் பாட்டுக்காரியா, ஊமையா?" என்று ஒருநாள் கத்தினேன். "நீ நாலு வரியும் பாடினாத்தாம்மா அந்த ஒரு சொல்லு அப்படி விழும்" என்றார். போங்கண்ணே என்று திட்டிவிட்டுப் போனேன். ஆனால் அடுத்த மேடையிலும் நாலு வரியையும் பாடினேன்.

அவருடைய கடைசி மேடை எது? பல்பு ஆலைக் கதவைப் பூட்டி, தொழிலாளர்களைத் தெருவில் நிறுத்தினார்களே, அந்த ஆலைக்கு எதிரே இருந்த காலிக் கிடங்கு! தோழர்களே, நீங்கள் அங்கே நின்றீர்கள். 'கேட்டைத் திற' என்று நான் பாடினேன். அண்ணன் என்ன செய்தார்? 'திற' என்ற ஒரு சொல்லை மட்டும் பிடித்தார். திற... திற... திற... தகரக் கூரையில் அது ஓடி ஓடித் தேய்ந்தது. பிறகு எல்லாவற்றையும் மூடினார். எக்கோவையும் மூடினார். சத்தமே இல்லை. நாங்கள் நாலு பேரும் வாசித்துக்கொண்டே இருக்கிறோம், யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. அந்த மௌனத்துக்குள்ளிருந்து ஒரு தோழர், "திறடா!" என்று கத்தினார். அந்த நொடியில் அண்ணன் அத்தனையையும் திறந்தார்! கிடங்கே அதிர்ந்தது. அப்படி ஒரு கைக்கு மைக்செட் என்றா பெயர்?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மேலாளர் அவர்களே, கைக்கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம், என்னைப் பாருங்கள்.

அந்த நிகழ்ச்சியைப் பதிவு செய்தது உங்கள் நிறுவனம். ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாகப் பதிவாகியிருக்கிறது. அண்ணன் மூடியதால் கூட்டத்துக்குக் கேட்காமல் போனதெல்லாம் உங்கள் பதிவில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்தீர்கள்? அவர் மூடிய இடத்தையெல்லாம் திறந்துவிட்டீர்கள்! எக்கோவைத் துடைத்தீர்கள்! தோழர் கத்திய சத்தத்தையும் எடுத்துவிட்டீர்கள்! போன வாரம் தொலைபேசியில் நீங்கள் சொன்னதை மறக்க முடியுமா? "அங்கங்க சவுண்டு கட் ஆகுது மேடம், மெஷின் கோளாறு. எல்லாத்தையும் ரிப்பேர் பண்ணிட்டோம்."

கோளாறா? ஒரு மனுஷன் ஆயுள் முழுக்கக் கற்ற வித்தை உங்களுக்குக் கோளாறா?

அதற்கு மேலும் சொன்னீர்கள். "உங்க குரல் இப்பதான் முழுசா கேக்குது மேடம், உங்களுக்குத்தான் நல்லது." ஆமாம், கேட்கிறது. நாலு வரியும் கேட்கிறது. தாடியின் கிதார் கேட்கிறது, பேஸ் கேட்கிறது, டிரம்ஸ் கேட்கிறது. எல்லோரும் இருக்கிறோம். செத்தவரை மட்டும் காணோம்!

இன்று நீங்கள் எல்லோரும் உள்ளே வரும்போது வாசலில் ஒலித்தது அந்தப் பாட்டுதான். அண்ணி மழலையர் பள்ளி வாகனம் ஓட்டுபவர். பாட்டைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்றே எப்போதும் சொல்வார். அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல அவரு எங்கம்மா இருக்காரு?" என்று கேட்டார். மேலாளர் அவர்களே, நீங்கள் சொல்லுங்கள் பார்ப்போம்!

இந்தக் கூட்டத்தின் முடிவில் தலைவர் அந்த இசைத்தட்டை வெளியிட, முதல் பிரதியை அண்ணி பெற்றுக்கொள்வாராம். புருஷனைத் துடைத்தெடுத்த தட்டைப் பெண்டாட்டி கையிலேயே கொடுப்பீர்களா? இதோ, நாடா கட்டி மேசையில் வைத்திருக்கிறீர்கள். நான் எடுத்துக்கொள்கிறேன். பிடுங்க வருகிறவர்கள் வரலாம்! எங்கள் நால்வரின் ஒப்புதல் இல்லாமல் இது வெளியே போக முடியாது. ஒப்புதல் கிடையாது. இன்றைக்கும் கிடையாது, என்றைக்கும் கிடையாது!

மணி அடிக்காதீர்கள் தலைவரே, முடித்துவிடுகிறேன்.

அண்ணனின் மேசை எங்களிடம் இருக்கிறது. அவர் நின்ற இடத்தில் யார் நிற்பார் என்று இன்னும் தெரியாது. எங்களில் ஒருவர் பழகிக்கொள்வோம், கெடுப்போம், திட்டு வாங்குவோம். ஆனால் கை நிற்காது. மூடிவிட்டுப் போனவர் நாங்கள் வாசித்துக்கொண்டிருப்போம் என்று நம்பித்தான் போயிருக்கிறார்.

இப்போது எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லி ஒரு நிமிட மௌனம் கேட்பது வழக்கம். நான் கேட்க மாட்டேன். அண்ணன் தன் மௌனத்தைத் தானே செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஒரு மூச்சு நீளம்தான். காலையில் சவரம் செய்துகொண்டே கேட்பதற்காக, கூட்டம் கேட்டது கேட்டபடியே தன் கைபேசியை மேசைமேல் வைத்துப் பதிந்துகொள்வார். அன்றைய பதிவும் அதில் இருக்கிறது. அண்ணி இப்போதுதான் என் கையில் கொடுத்தார்.

ஒலிபெருக்கித் தம்பி, இதை இணை. எல்லோரும் எழுந்து நில்லுங்கள். மேலாளரே, நீங்களும்தான். சத்தம் நின்றுபோகும் இடம் வரும்போது இருமாதீர்கள், அசையாதீர்கள். கோளாறு என்றும் நினைக்காதீர்கள். அங்கே நிற்பவர் எங்கள் அண்ணன்.

அதன் முடிவில் ஒரு தோழர் கத்துவார். அவர் இங்கேதான் இருக்கிறார், தூணுக்குப் பக்கத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார். அன்றைக்குத் தனியாகக் கத்தினார். இன்றைக்கு அவரைத் தனியாக விடாதீர்கள்.

தம்பி, போடு.