லவினாக்கா சுற்றிய டைனமோ

— நிறுத்தாதீங்க லவினாக்கா. கைப்பிடியை விட்டா பேட்டரி ஏறாது.

— தோள்பட்டை கழண்டு விழுது ஜோவி. உன் பொம்மைக்கு இவ்ளோ பசியா, சேசுவே!

— பொம்மை இல்ல, ரோபோ. ஸ்கூல் பசங்களுக்குக் காட்டணும்னு இந்த டைனமோவையும் கட்டிலடியில வெச்சிருந்தேன். நல்லதாப் போச்சு. கதவுக்கடியில இருக்கற சந்துல இது நுழைஞ்சுடும். கேமரா இருக்கு, கவ்வற கையும் இருக்கு. டிரேவர் ஹால்லதான் குடிச்சுட்டு விழுந்து கிடப்பாரு. சாவியை இழுத்துட்டு வந்துடும்.

— சும்னே வாயை மூடிட்டு இரு. மொதல்ல தலையைத் தொடை. ரத்தம் கண்ணுல இறங்குது பாரு.

— இறங்கட்டும். அவர் எந்திரிச்சா நம்ம ரெண்டு பேரையும் கொன்னுடுவாரு. கட்டின பொண்டாட்டி, கூடப்பொறந்த அக்கான்னு பாப்பாரா?

— பெத்த அம்மா கையையே முறிச்சவன். அக்கா எம்மாத்திரம்?

— ஃபோன் ரெண்டையும் நொறுக்கினாரு, ஃபியூஸைப் பிடுங்கினாரு, என் முடியைப் பிடிச்சு சுவத்துல மோதினாரு. அவ்ளோதான் ஞாபகம். கண்ணைத் தொறந்தா இந்த ரூம்ல கெடக்கறேன். அவர் பூட்டிட்டாருன்னு நீங்கதான் சொன்னீங்க.

— ம்.

— ஜன்னல்ல கத்திப் பாக்கட்டுமா?

— மர்பி டவுனுக்கே நம்ம வீட்டுச் சத்தம் தெரியும்டி. நாம கத்தினா டிவியைக் கூட்டி வெச்சுக்குவாங்க.

— அப்ப குடுங்க, நான் சுத்தறேன்.

— உன் மணிக்கட்டு பன்னு மாதிரி வீங்கியிருக்கு. விடு. மெதுவாவே சுத்தலாம். என்ன அவசரம்?

— அவசரம் இல்லையா? மோதிரக் கையால குத்தி உங்க பல்லை உடைச்சாரே, மறந்துடுச்சா?

— நாக்கு அங்கயேதான் போய் நிக்குது. எப்படி மறக்கும்?

— பச்சை லைட் வந்துடுச்சு! ரிமோட் எங்க?

— ஜோவி, வேணாம்டி.

— போ... போ... தாண்டிடுச்சு! ஸ்கிரீனைப் பாருங்கக்கா. சோபா. அதோ கால். தரையில மல்லாந்து கெடக்கறாரு.

— அணைச்சுடு. சொன்னாக் கேளு.

— சத்தம் கேட்டும் அசையல. சாவி... இடுப்புல இல்ல, கையிலயும் இல்ல. மூஞ்சிப் பக்கம் திருப்பறேன். மாதாவே! கண்ணு தொறந்திருக்கு. நம்மளையே பாக்கறாரு!

— அவன் எதையும் பாக்கல.

— அக்கா... தரை பூரா ரத்தம். அம்மிக் குழவி பக்கத்துல கெடக்குது. அது கிச்சன்லதானே இருந்துச்சு?

— இன்னொரு தடவை மோதியிருந்தா நீ இல்லடி. நான்தான் எடுத்தேன்.

— அப்ப... சாவி?

— என் ஜாக்கெட்டுக்குள்ள. உள்ளருந்து நான்தான் பூட்டினேன். அப்ப அவனுக்கு மூச்சு இருந்துச்சு. கண்ணைத் தொறந்ததும், எப்பவும் போல, மொதல்ல அவனுக்குத்தானே தண்ணி எடுத்துட்டு ஓடுவே!