மொட்டைமாடிப் பாத்திகளுக்கு வந்த நோய்

மேட்டுப்பாத்தி, அதாவது மண் நிரப்பிச் செடி வளர்க்கும் பெட்டி, வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் முதலில் நிறத்தைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது ஆழத்தை. கீரைக்கு ஒரு சாண் போதும். தக்காளிக்கு முழங்கை அளவாவது வேண்டும். முட்டிவலிக்காரர்கள் கால் வைத்த பெட்டியாக வாங்கிவிட்டால் குனிகிற வேலையே இல்லை. இதையெல்லாம் இப்போது எதற்குச் சொல்கிறான் என்று நீங்கள் நினைக்கலாம், மேடம். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் நீங்கள்தான் நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். இதுதான் முதல்.

நான் பேருந்து நிலையத்தில் விசாரணைக் கவுண்டரில் இருந்தவன். கண்ணாடித் தடுப்பு, அதில் வாய் அளவுக்கு ஒரு ஓட்டை. ஊர்ப்பட்ட ஜனம் அந்த ஓட்டைக்குக் குனிந்து என்னிடம் கேட்கும். எந்த வண்டி, எத்தனை மணிக்கு, கழிப்பறை எந்தப் பக்கம், பையைத் தொலைத்துவிட்டேன், கணவரைத் தொலைத்துவிட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் சொல்வேன். தெரியாததற்கும் சொல்வேன். பஸ் ஏறிப் போனவர் திரும்பி வந்து குறை சொல்லப் போவதில்லை.

ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் குளித்து, சட்டையை மாட்டிக்கொண்டு, ஹாலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. என் மனைவி எது கேட்பதானாலும் போனைத்தான் கேட்பாள். இன்றைக்கு மழை வருமா என்று அதனிடம் கேட்டாள். நான் ஜன்னல் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அந்த நேரத்தில்தான் நம் குடியிருப்பின் மொட்டைமாடியில் தோட்டம் போடலாம் என்று கூட்டத்தில் முடிவெடுத்தீர்கள். நான் கடை கடையாக ஏறி இறங்கி விசாரித்தேன். கீழ்வீட்டுத் தையற்கார அம்மாதான் முதலில் வந்தார். "பெட்டி தகரத்துல வாங்கவா, மரத்துல வாங்கவாண்ணா?" என்று கேட்டார். துருப்பிடிக்காத தகரம், விளிம்பில் ரப்பர் பட்டை ஓடியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கையைக் கிழிக்கும் என்றேன். அடுத்து மாடிவீட்டுப் பல் மருத்துவர் வந்தார். இவ்வளவு மண்ணைத் தளம் தாங்குமா என்று அவருக்குப் பயம். நடுவில் வைக்காதீர்கள், சுவரை ஒட்டி உத்தரத்துக்கு நேர் மேலே வையுங்கள், மண்ணில் பாதிக்குத் தென்னைநார்க் கழிவைக் கலந்தால் எடை குறையும் என்றேன். காவலாளி மூட்டை மூட்டையாக மண் சுமந்து ஏற்றினார்.

பிறகு மூடி. நம் மாடியில் காற்றும் மழையும் பேய்த்தனமாக அடிப்பதால் எல்லாரும் பசுமைக்குடில் மூடி போட வேண்டும் என்று சொன்னவனும் நான்தான். மலிவான பிளாஸ்டிக் தாள் ஒரே பருவத்தில் கிழிந்துவிடும். தடித்த தாளாக இருக்கட்டும், வளையங்கள் உறுதியாக இருக்கட்டும், இரண்டு பக்கமும் வலைஜன்னல் இருக்கட்டும். முக்கியமாக, வெயில் ஏறும்போது ஜிப்பைத் திறந்து வைக்க வேண்டும். மறந்தால் உள்ளே இருப்பது தோட்டமில்லை, பிரஷர் குக்கர். இதை ஒவ்வொருவரிடமும் தெளிவாகச் சொல்லியிருக்கிறேன். அதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எல்லாரும் என்னைச் செடி டாக்டர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பல் மருத்துவரே என்னை டாக்டர் என்றார். அந்த நாட்களில் நன்றாகத் தூங்கினேன்.

சிக்கல் எங்கே வந்ததென்றால், நான் சொன்னதெல்லாம் சரியாக இருந்தது. எல்லாம் ஓகோவென்று வளர்ந்துவிட்டது. வளர்ந்த பிறகு யாருக்கு டாக்டர் வேண்டும்? தையற்கார அம்மா கிண்ணம் நிறையத் தக்காளியோடு படியிறங்குவார். "நல்லாருக்கீங்களாண்ணா?" என்பார். நான் பதில் சொல்வதற்குள் கீழே போயிருப்பார்.

ஒரு மத்தியானம் மாடிக்குப் போனேன். அவருடைய மூடியின் ஜிப் திறந்திருந்தது. தூசி பறந்துகொண்டிருந்ததால் மூடினேன். தூசிக்காகத்தான் மூடினேன். சாயங்காலம் பார்த்தால் தக்காளிச் செடிகள் ஈரத்துணி போலத் தொங்கின.

"அண்ணா, கொஞ்சம் வந்து பாருங்களேன். நேத்து வரைக்கும் ஜம்முனு இருந்துச்சு."

போனேன். இலையைத் திருப்பிப் பார்த்தேன். இலையை எப்போதும் திருப்பிப் பார்க்க வேண்டும். அடியில் ஒன்றும் இருக்காது, ஆனால் பக்கத்தில் நிற்பவருக்கு நம்பிக்கை வரும்.

"புழுங்கியிருக்கு. ஜிப்பைத் திறந்து வைக்கலையா?" என்றேன்.

"திறந்துதானேண்ணா வச்சேன்?"

"வச்சதா நினைச்சிருப்பீங்க."

அவர் ஜிப்பைத் தொட்டுப் பார்த்தார். "இருக்கும்ணா. இப்பல்லாம் மறதி ஜாஸ்தியாயிடுச்சு" என்றார். நான் செடிக்கு நிழலும் காலைத் தண்ணீரும் சொன்னேன். அவருக்குப் பாதாம் சொன்னேன். இரண்டு பேரும் தேறினார்கள். அதற்குப் பிறகு அவர் துணி வெட்டும்போதுகூட ஒரு தடவைக்கு நான்கு தடவை அளந்து பார்க்கிறாராம். அவர் தொழிலுக்கு அது நல்லதுதான்.

பல் மருத்துவர் போட்டிருந்தது வெள்ளரி. மூடிக்குள் இருக்கும் கொடி பூக்கும்போது வலைஜன்னலைச் சுருட்டி வைக்க வேண்டும், அப்போதுதான் தேனீ உள்ளே போகும். அவர் விடிந்ததும் சுருட்டிவிட்டுப் போவார். நான் போய் இறக்கிவிடுவேன். பூவெல்லாம் கொட்டியது. மனிதர் ஆடிப்போய்விட்டார். சின்னத் தூரிகையால் ஆண்பூவின் மகரந்தத்தை எடுத்துப் பெண்பூவில் தடவக் கற்றுக்கொடுத்தேன். நாள் முழுக்க ஊரார் பல்லைப் பார்க்கிறவர், கிளினிக் போகும் முன் முட்டி போட்டுப் பூவுக்குப் பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

"இப்படியா டாக்டர்?"

"கொஞ்சம் மெதுவா டாக்டர்."

மேடம், அது ஒரு பொற்காலம். முதல் வெள்ளரிக்காயை அவர் என் வீட்டுக்கே கொண்டு வந்து தந்தார். மன உறுத்தல் எதுவும் இல்லாமல் தின்றேன். தூரிகைப் பிரயோகத்தைக் கற்றுக்கொடுத்த உழைப்பு என்னுடையதல்லவா.

அதன் பிறகு கை பழகிவிட்டது. பெட்டியின் அடியில் இருக்கும் வடிகால் ஓட்டைகளைக் களிமண்ணால் அடைத்தால் வேர் அழுக ஆரம்பிக்கும். சரியான நேரத்தில் குச்சியால் குத்தித் திறந்துவிட்டால் பிழைத்துக்கொள்ளும். இலைப்பேன்தான் சிரமம். தீப்பெட்டியில் கொண்டு போனால் பாதி வழியிலேயே சட்டைப்பையில் ஏறிவிடும். ஆனால் மூடிக்குள் சேர்த்துவிட்டால் போதும். மழை இல்லை, காற்று இல்லை, அதைத் தின்கிற பூச்சியும் உள்ளே வராது. சொந்த வீடு வாங்கிக் குடிபோன மாதிரி பெருகும். உங்கள் குடைமிளகாய்க்கு வந்ததும் அதுதான். நீங்கள் அழுதீர்கள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். முன்பே தெரிந்திருந்தால் வேறு பாத்தியைத் தேர்ந்தெடுத்திருப்பேன்.

நான் ஒரு செடியைக்கூடச் சாக விட்டதில்லை. சில செடிகள் தாமாகச் செத்தன. அது வேறு.

ஒரே மாடியில் இத்தனை நோயா என்று பேச்சு கிளம்பியது. யாரோ விஷமம் செய்கிறார்கள் என்றார்கள். நீங்கள் கூட்டம் போட்டு விசாரணைக்கு ஒரு ஆளை நியமித்தீர்கள். விவரம் தெரிந்தவர், நடுநிலையானவர், நேரம் உள்ளவர் என்று சொல்லி என்னை நியமித்தீர்கள். இதே அறையில், நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் நாற்காலியில்தான் உட்கார்ந்தேன். ஒவ்வொருவராக வந்தார்கள். கேட்பது என் பக்கமாகிவிட்டது. கேட்கப்படுவதில் இருக்கும் சுகம் அதில் இல்லை, இருந்தாலும் கடமை என்று செய்தேன்.

மாடிச் சாவி காவலாளியிடம் இருந்தது. விசாரணை என்றால் ஆதாரம் போகிற பக்கம்தான் நாமும் போக வேண்டும்.

"மத்தியானத்துல மாடிக் கதவைத் திறந்தீங்களா?" என்றேன்.

"திறந்தேன் சார். நீங்கதானே சாவி கேட்டு வந்தீங்க."

"கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

"திறந்தேன் சார்."

அவர்தான் என்று கூட்டத்தில் சொன்னேன். அதே மூச்சில், வேலையை விட்டு நீக்க வேண்டாம், சாவியை மட்டும் வாங்கிக்கொள்ளலாம் என்றும் சொன்னேன். பெருந்தன்மை என்று நீங்களே பாராட்டினீர்கள். பல் மருத்துவர் கை தட்டினார். சாவியை என்னிடம் ஒப்படைத்தார்கள். அதற்குப் பிறகு யாரிடமும் கேட்காமல் போய்வர வசதியாக இருந்தது.

இனிமேல்தான் என் மனைவியின் பாத்தி வருகிறது.

அவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. விரிசல் விட்ட பழைய குளியல் தொட்டியை மாடிக்கு ஏற்றினாள். வளைந்த கம்பிகளை நட்டாள். அதன் மேல் குளியலறைத் திரையைப் போர்த்தினாள், வாத்துப் படம் போட்டது. ஆழம் தப்பு, தாள் தப்பு, வைத்த இடம் தப்பு. உள்ளே புதினா வெறி பிடித்த மாதிரி வளர்ந்தது.

ஒளிக்காமல் சொல்கிறேன், அதற்கும் வைத்தியம் பார்த்தேன். திரையை இழுத்து மூடினேன். அதிலிருந்த கிழிசல் வழியே வெப்பம் போய்விட்டது. வடிகாலை அடைத்தேன், விரிசல் வழியே தண்ணீர் போய்விட்டது. இலைப்பேனை விட்டேன், புதினா வாடை பிடிக்காமல் அவை பக்கத்துப் பெட்டிக்குக் குடிபெயர்ந்தன. ஒவ்வொரு நாள் சாப்பாட்டிலும் புதினா வந்தது. அவள் பரிமாறினாள். நன்றாக இருக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை.

நேற்று மத்தியானம் மாடிக்குப் போய் அதை வேரோடு பிடுங்கினேன். அது நோய் இல்லை, தூசி இல்லை. கையால் பிடுங்கினேன். இரண்டு கை நிறையப் புதினாவோடு திரும்பினால், துணி வாளியோடு அவள் நிற்கிறாள்.

துணிகளை ஒவ்வொன்றாக உதறிக் காயப்போட்டாள். என் சட்டையைக் கொஞ்சம் பலமாக உதறினாள். வீட்டுக்குள் வந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"யாராவது ஏதாவது கேட்டுக்கிட்டே இருக்கணும்னா என்கிட்ட சொல்லியிருக்கலாமே. நானே கேட்டிருப்பேனே."

"என்ன கேட்டிருப்பே?"

அவள் யோசித்தாள். நெடுநேரம் யோசித்தாள். சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அடுப்பில் வைத்த தண்ணீர் கொதித்து வற்றுகிற வரை யோசித்தாள்.

"அதெல்லாம் டக்குனு வராதுங்க," என்றாள் கடைசியில். பிறகு குரல் மாறியது. "அந்த மனுஷன் ஒரு மாசமா தலை நிமிராம நடக்கிறாரு. அவர் பொண்டாட்டி என்கிட்ட வந்து அழுதா. 'செடிக்குப் போய் அவர் ஏன்க்கா கெடுதல் பண்ணப்போறார், மண்ணு பூரா அவர் முதுகுல ஏறினது'ன்னு கேட்டா. நாளைக்குக் காலைல நீங்க போய்ச் சொல்லுங்க. இல்லேன்னா நான் சொல்றேன்."

நானாகவே வந்தேன் என்பதையும் நீங்கள் கவனிக்க வேண்டும்.

வருகிற வழியில் காவலாளியிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். கத்துவார், சட்டையைப் பிடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் எழுந்து நின்று எனக்கு நாற்காலியைத் தந்தார். "ஏன் சார்?" என்று மட்டும் கேட்டார். விசாரணைக் கவுண்டரில் அத்தனை காலம் உட்கார்ந்தவன் நான். பதில் தெரியாவிட்டாலும் ஏதாவது சொல்லித் தொலைப்பவன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு எதுவும் வரவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அது பதில் இல்லை என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

ஆகவே, தக்காளி நான். வெள்ளரி நான். உங்கள் குடைமிளகாய் நான். காவலாளி தலையில் பழியைக் கட்டியதும் நான். தையற்கார அம்மாவுக்கு மறதி எதுவும் இல்லை, அவரிடம் நானே சொல்கிறேன். பாதாமை நிறுத்த வேண்டியதில்லை. இந்தாருங்கள் சாவி. கூட்டத்தைக் கூட்டி என்ன முடிவெடுத்தாலும் கட்டுப்படுகிறேன். மொட்டைமாடிப் படியில் இனிக் கால் வைக்க மாட்டேன். அந்தப் புத்தி என்னை விட்டுப் போய்விட்டது, மேடம். மனசு துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது. யாரும் என்னிடம் எதுவும் கேட்காமலே மிச்சக் காலத்தை ஓட்டிவிட முடியும் என்று இன்றைக்குத்தான் புரிந்தது.

வெளியே ஒரே சத்தமாக இருக்கிறது. இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டதாமே. நீங்கள் பதற வேண்டாம், உள்ளே யாரும் இல்லை. மெக்கானிக்கையும் கூப்பிட வேண்டாம். யாரையாவது என்னிடம் வந்து கேட்கச் சொல்லுங்கள்.