சூடேறினால் திறக்கும் வெடிப்பு

பழைய டர்போ வண்டிகளில் பெரிய கோளாறு வருவது அபூர்வம், ஐயா. ஆளைப் படுத்தி எடுப்பதெல்லாம் சின்னக் கோளாறுகள்தான்.

மாப்பிள்ளையின் காருக்குப் பதினாறு வயது. மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் கணவர். காலையில் பறக்கும் வண்டி, அரை மணி ஓடியதும் ஏற்றத்தில் மூச்சு வாங்கும். கொஞ்ச நேரம் நிறுத்தி எடுத்தால் மறுபடி பறக்கும். இரண்டு பட்டறைக்காரர்கள் கண்ணில் பட்டதையெல்லாம் மாற்றிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்கள். ஆறிப்போன எஞ்சினைச் சோதித்தால் என்ன தெரியும்? நானும் பட்டறைக்காரன்தான். ஏற்றத்தில் ஓட்டிப்போய், சூடு ஆறுவதற்குள் திறந்து பார்த்தேன். எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தரும் டர்போவுக்குப் போகும் மெல்லிய ரப்பர் குழாயில் ஒரு வெடிப்பு. சூட்டில் அது வாய் திறக்கும், இழுவை போய்விடும். ஆறினால் மூடிக்கொள்ளும். மாற்றுவது பத்து நிமிட வேலை.

நான் மாற்றவில்லை. "இன்னும் பிடிபடல மாப்பிள்ளை" என்றேன்.

அவருக்கு மலைக்கு அந்தப் பக்கம் புது வேலை கிடைத்திருந்தது. வண்டி சரியானதும் தங்கையையும் அழைத்துக்கொண்டு போய்விடுவார். அப்பா அம்மா போன பிறகு அவளை வளர்த்தவன் நான். கல்யாணம் ஆகியும் அடுத்த தெருவில்தான் இருந்தாள். அவளை அவ்வளவு தூரம் அனுப்ப எனக்கு மனமில்லை. ஏழு வாரம் இழுத்தடித்தேன்.

எட்டாவது வாரம் மாப்பிள்ளை வந்தார். "போதும் மச்சான், உங்களுக்கும் வீண் சிரமம். இத வித்துட்டு ரெண்டு பேரும் ரயில்லயே போயிடறோம்."

"நாளைக்கு வாங்க. முடிச்சுத் தரேன்."

புதுக் குழாய் போட்டேன். போடுமுன் அதன் அடிப்பக்கத்தில் மெல்லிய பிளேடால் ஒரு கீறல். கழற்றிய பாகத்தை வண்டிக்காரர் கையிலேயே கொடுத்துவிடுவது என் வழக்கம். பழைய குழாயைக் கொடுத்து, "இதுதான் கோளாறு. இனிமே பயமில்லாம மிதிங்க. லாரி எதுவும் முன்னாடி போனா தாண்டிப் போயிட்டே இருங்க" என்றேன். மலைப்பாதையில் எந்த வளைவுக்கு வரும்போது எஞ்சினுக்கு அந்தச் சூடு ஏறும் என்பது எனக்குத் தெரியும். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே மூன்று முறை ஓட்டிப் பார்த்திருந்தேன்.

அவர் மட்டும் முதலில் காரில் போவது, தங்கை ஒரு வாரம் கழித்து ரயிலில் போவது என்றுதான் ஏற்பாடு. அவளுக்கு அந்த வண்டியைக் கண்டாலே பயம். மாப்பிள்ளை அந்தப் பழைய குழாயைக் காட்டித்தான் அவளைச் சமாதானப்படுத்தியிருக்கிறார்.

அவர் கிளம்பிய அன்று காலை பத்தே முக்காலுக்குப் போன் வந்தது. நீங்கள் விசாரித்த அந்த அழைப்பு.

"அண்ணா, நானும் கார்லதான் வரேன். ஏற்றம் ஏறிட்டிருக்கோம். நீ சரி பண்ண வண்டியாச்சேன்னு ஏறிட்டேன்."

நிறுத்தச் சொல்லலாம். ஏன் என்று கேட்பாள். காரணம் தெரிந்தால் அப்புறம் என் முகத்தில் விழிக்கவே மாட்டாள். அதை என்னால் தாங்க முடியாது.

"பெல்ட் போட்டுக்கோம்மா" என்றேன்.

லாரியைத் தாண்டும்போது இழுவை போயிருக்கிறது. எதிரே பஸ். மாப்பிள்ளை அந்த இடத்திலேயே போய்விட்டார். தங்கை இடுப்பெலும்பு முறிந்து பிழைத்துக்கொண்டாள். பெல்ட் போட்டிருந்தாள், நான் சொன்னால் தட்டமாட்டாள்.

ஆமாம், எல்லாம் தெரிந்தே செய்ததுதான். என்னை உள்ளே விடக் கூடாது என்று நர்சிடம் அவள் எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொல்கிறீர்கள். அதிர்ச்சியில் இருக்கிறாள், வேறொன்றுமில்லை. வீட்டுக்கு வந்தால் சரியாகிவிடும். அவளுடைய அறையைக் கழுவித் துடைத்து வைத்திருக்கிறேன்.

வாக்குமூலத்தில் எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? கொஞ்சம் சீக்கிரம் முடித்தால் நல்லது, ஐயா. ஆஸ்பத்திரியில் ஐந்து மணிக்குப் பார்வையாளர் நேரம்.