பத்து வயதுக்கு மேற்பட்டோருக்கான கைத்துப்பாக்கி

மிசோ சூப்பில் விழுந்த கைத்துப்பாக்கியைத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். குழாயில் காட்டிக் கழுவக் கூடாது. இது எனக்குத் தெரியாமல் போயிற்று. ஹோசுமியின் துப்பாக்கி என் கையிலிருந்து நழுவி என் சூப்புக் கிண்ணத்தில் விழுந்தபோது, நல்லெண்ணத்தோடுதான் அதைக் குழாயடிக்குக் கொண்டுபோனேன். துப்பாக்கிக் குழலிலிருந்து ஒரு துண்டு சோயா டோஃபு வந்தது. அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை, குண்டு உட்பட.

நிரசாகி சார், மைதானத்துக்காரர் என்ற முறையில் முதலிலிருந்து சொல்லுங்கள் என்றீர்கள். முதல் என்றால் அந்த சூப்தான்.

ஹோசுமி என் மகள் கனாயேவுக்கு நிச்சயமான பையன். தபால் நிலையத்தில் வேலை. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் மூங்கில் காட்டு மைதானத்தில் துப்பாக்கி ஆட்டம் ஆடுகிறவன் என்று கேள்விப்பட்டு, தானும் ஆட ஆசைப்பட்டு, முதல் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு சாப்பாட்டுக்கு வந்திருந்தான். பட்டாளத்தார் வைத்திருப்பதை அச்சாகப் பார்த்துச் செய்த, பிளாஸ்டிக் மணி சுடுகிற விளையாட்டுத் துப்பாக்கி. எரிவாயுவில் இயங்குவது.

"பாத்துச் சொல்லுங்க மாமா. ஆரம்பத்துக்கு இது சரிதானா?"

சரியாகத்தான் இருந்தது. கனம் இருந்தது. விசையை அழுத்தினால் மேல்மூடி படக்கென்று பின்னால் போய் வந்தது. இதற்கு மேல் ஒரு புதியவனுக்கு என்ன வேண்டும்? அதுதான் சிக்கல்.

"அப்பா, அதக் கீழ வெச்சுட்டுச் சாப்பிடுங்க" என்றாள் கனாயே.

வைத்தேன். சூப்பில்.

என்னால் கெட்டது என்பதால், வேறொன்று வாங்கித் தருவது என் கடமை ஆயிற்று. அடுத்த வாரமே அவனை அகிஹபாரா கடைத்தெருவில் ஒரு கடைக்கு அழைத்துப்போனேன். சுவர் முழுக்கக் கைத்துப்பாக்கிகள். புதியவனுக்கு அங்கே தலை சுற்றும். அனுபவஸ்தன் ஒருவன் பக்கத்தில் வேண்டும். நான் பொறுமையாக விளக்கினேன். எரிவாயுத் துப்பாக்கி குளிர்காலத்தில் சோர்ந்துவிடும். மின்கலத் துப்பாக்கிக்கு இரவெல்லாம் மின்னேற்ற வேண்டும். ஆரம்பிக்கிறவனுக்கு நல்லது, ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துவிட்டுச் சுடுகிற சுருள்வில் துப்பாக்கிதான். எளிமையானது, பணிவானது. அதிலும் இரண்டு வகைப் பெட்டி உண்டு. ஒன்றில் பதினெட்டு வயதுக்கு மேல் என்று போட்டிருக்கும். இன்னொன்றில் பத்து வயதுக்கு மேல். உருவம் ஒன்றுதான், உள்ளே இருக்கும் வில்தான் வேறு. நான் இரண்டாவதை எடுத்தேன்.

கடைக்காரர் தயங்கினார். "சாருக்குன்னா இந்தப் பக்கம் இருக்கறது…"

"பையன் மனசால சின்னவன்" என்றேன்.

ஹோசுமி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எனக்குப் பத்து வயசு ஆயிடுச்சே மாமா."

"பத்துக்கு மேலன்னுதானே போட்டிருக்கு. நீ மேலதானே?"

"ஆமா, மேலதான்" என்று தலைகுனிந்து வாங்கிக்கொண்டான். பெரியவர்கள் சொன்னால் கேட்கிற பையன். அந்தக் குணத்தை நான் அன்றே மனதில் குறித்துக்கொண்டேன்.

இப்போது காரணத்துக்கு வருகிறேன். நம் ஆட்டத்தின் அழகு உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மணி மேலே பட்டால், பட்டவனே கையைத் தூக்கி "பட்டுச்சு" என்று உரக்கச் சொல்லிவிட்டு வெளியேற வேண்டும். சுட்டவன் சொல்லக் கூடாது. பார்த்தவனும் சொல்லக் கூடாது. சந்தேகம் இருந்தால் மைதானத்துக்காரரிடம் தனியாகக் காதில் போடலாம், அவ்வளவே. பட்டும் படாததுபோல் திரிகிறவனை நடைப்பிணம் என்போம். இந்த ஏற்பாட்டின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

ஆனால் என் தொழில் வாகனக் காப்பீடு. இடித்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களிடம், இடித்ததா என்று கேட்பது என் வேலை. உங்கள் மைதானத்துக்கு வந்த புதிதில் அந்தப் பழக்கத்தை அலுவலகத்திலேயே விட்டுவிட்டு வந்தேன். பட்டதும் கையைத் தூக்கினேன். ஆட்டம் தொடங்கிக் கண்ணாடியைச் சரிசெய்வதற்குள் பட்டுவிடும். காத்திருப்பு பெஞ்சில் நான் எப்போதும் முதல் ஆள். வார்கோதுமைத் தேநீர் ஊற்றும் அம்மா ஒருநாள் கனிவாகச் சொன்னார்: "உகாய் சார், உங்க எடத்துல மெத்தை போட்டுட்டேன்."

அந்த மெத்தைதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஒருநாள் தோளில் ஏதோ தட்டியது. மணியாக இருக்கலாம், மூங்கில் இலையாகவும் இருக்கலாம். யோசித்தேன். யோசித்துக்கொண்டே நடந்தேன். யோசித்து முடித்தபோது, எடுத்தால் வெற்றி தரும் எதிரணியின் கொடி என் கையில் இருந்தது. வலைக்கு அப்பால் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த கனாயே கைதட்டினாள். அவள் தொடக்கப் பள்ளியில் அப்பாக்கள் ஓட்டப் பந்தயம் நடந்தபோது தட்டியது. அதற்குப் பிறகு அன்றுதான். இதையும் காரணமாகச் சொல்லவில்லை. நடந்தது என்பதால் சொல்கிறேன்.

அன்று முதல் என்மேல் படுகிற எதையும் பரிசீலனைக்கு எடுத்துக்கொண்டேன். ஒரே இடைஞ்சல், பலமான துப்பாக்கிகள். மனம் பரிசீலித்துக்கொண்டிருக்கும்போதே உடம்பு "அம்மா" என்று சொல்லிவிடும். ஆகவே புதிதாகச் சேர்கிறவர்களுக்குத் துப்பாக்கி தேர்ந்துகொடுக்கும் பொறுப்பை நானே ஏற்றுக்கொண்டேன். பல் மருத்துவரைக் கடைக்கு அழைத்துப்போனேன். மீன்கடைக்காரருக்குப் பிறந்தநாள் பரிசாகவே கொடுத்தேன். வசந்தம் வருவதற்குள் புதியவர்கள் அத்தனை பேர் கையிலும் மெல்லிய வில் வைத்த பத்து வயதுப் பெட்டி. நான் அவர்கள் நடுவே தூறலில் நடக்கிறவன்போல நடந்தேன்.

ஆகவே, ஹோசுமியின் அந்த எரிவாயுத் துப்பாக்கியை என்னால் அனுமதிக்க முடியவில்லை. அது கை தவறி விழுந்தது என்று வீட்டில் எல்லோரும் நம்புகிறார்கள். விழுவதற்கு முன்னால் கிண்ணத்தின் மூடியை நான் திறந்து வைத்தேன். என் மனைவிகூட, "ஆறிடுமே, ஏன் இப்பவே தெறக்கறீங்க?" என்று கேட்டாள்.

போன மாதத்து ஆட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். ஹோசுமி எதிரணி. மூங்கில் புதருக்குப் பின்னால் இருந்தான். நான் நேர் எதிரே வெட்டவெளியில். சுட்டான். என் மேலங்கியில் டப் என்று ஒரு சத்தம். அவன் துப்பாக்கியைத் தாழ்த்திக்கொண்டு நின்றான். நான் நடந்தேன். அவன் மறுபடி இழுத்துவிட்டுச் சுட்டான். டப். மறுபடி தாழ்த்தினான். இப்படியே கொடிவரை என்னோடு வந்தான். ஏறக்குறைய வழியனுப்ப வந்தவன்போல.

பிறகு முறைப்படி விசாரித்தேன். "மாப்பிள்ள, ஒண்ணும் என் மேல படலையே?"

"என் குறிதான் சரியில்லபோல மாமா. காத்து வேற" என்றான்.

இதைத்தான் நாங்கள் அலுவலகத்தில் எதிர்த்தரப்புச் சாட்சியம் என்போம். அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

அதற்கடுத்த ஞாயிறு நீங்கள் எல்லோரையும் நிற்கவைத்து, "யாரோ ஒருத்தர் சட்டை கொஞ்சம் தடிமனாப் போட்டுட்டு வர்றாங்கபோல, பட்டாலும் தெரியல, வெயில் காலம் வருது, ஒடம்பப் பாத்துக்கங்க" என்றீர்கள். எல்லோரும் மரியாதையாகச் சிரித்துவிட்டுத் தத்தம் காலணியைப் பார்த்தார்கள். அவர்கள் என் திசையிலிருந்து கண்ணை எடுத்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு பெயர் தேவைப்படுகிறது என்று புரிந்தது. வெளியாள் எவரையும் சொல்வது தர்மமில்லை. குடும்பத்துக்குள்ளேயே இருக்கட்டும் என்று நினைத்தேன். உங்களைத் தனியாகச் சந்தித்து, நடைப்பிணம் என் வருங்கால மருமகன்தான் என்று காதில் போட்டேன்.

கொஞ்ச நாள் வர வேண்டாம் என்று அவனிடம் சொன்னீர்கள். அவன் மறுக்கவில்லை. "நான் கவனமா இருந்திருக்கணும்" என்று குனிந்து வணங்கிவிட்டுப் போனான். மாமனாரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று இருந்தானோ என்னவோ. எனக்கு அது வசதியாக இருந்தது.

கனாயேவுக்குத்தான் பொறுக்கவில்லை. "செஞ்சீங்களான்னு கேட்டா குனியறாரு, செய்யலையான்னு கேட்டாலும் குனியறாரு. வாயத் தெறந்து ஒண்ணச் சொல்லத் தெரியாதவரோட எப்படிப்பா குடித்தனம் பண்றது?" என்றாள். நான் தலையை ஆட்டினேன். நியாயமான கேள்வி. இன்று மாலைக்குள் கல்யாண மண்டபத்தை வேண்டாமென்று சொல்லிவிடப் போகிறாள். அதனால்தான் அவளையும் ஹோசுமியையும் இங்கே வரச்சொல்லிவிட்டு, உங்கள் முன் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் ஒப்புக்கொள்பவை: நல்ல துப்பாக்கியை சூப்பில் போட்டேன். மோசமான துப்பாக்கியைத் தேர்ந்துகொடுத்தேன். நிரபராதியின் பெயரைச் சொன்னேன். என் மகளின் கல்யாணம் முறிவதைத் தலையாட்டிக்கொண்டு பார்த்தேன். நீங்கள் கனாயேவைப் பார்க்க வேண்டாம் சார், நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அவள் கைப்பேசியை இன்னும் கீழே வைக்கவில்லை.

ஆனால் மைதானத்துப் பதிவேட்டில் என்னை நடைப்பிணம் என்று மட்டும் எழுதாதீர்கள். அதற்கு முதலில் என் மேல் பட்டிருக்க வேண்டும். பட்டது என்று இதுவரை எவரும் சொல்லவில்லை. பல் மருத்துவரைக் கேட்டேன். "படலைன்னு சொல்ல முடியாது, பட்டுச்சுன்னு சொன்னா தப்பா எடுத்துப்பீங்க" என்றார். மீன்கடைக்காரர், வெயில் கண்ணில் அடித்தது என்றார். உங்களைக் கேட்டேன், இன்னொரு கோப்பைத் தேநீர் ஊற்றினீர்கள். நான் நேர்மையான மனிதன். பட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஹோசுமி, இப்படி வா. எல்லோர் முன்னாலும் கேட்கிறேன். காற்று, குறி எல்லாம் வேண்டாம். குனியவும் வேண்டாம்.

குனியப் போனவன் பாதியில் நின்றுவிட்டான். கனாயேவைப் பார்க்கிறான். பிறகு என்னை.

"பட்டுச்சு மாமா."

கனாயே கைப்பேசியைப் பைக்குள் போடுகிறாள்.

"எது?" என்று கேட்கிறேன்.

"எல்லாமே. நீங்களே சொல்லுவீங்கன்னு ஒவ்வொரு தடவையும் நின்னு பாத்தேன்."