ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒரு வழி

ராஜபாளையத்தில் கரண்ட் போவதும் வருவதும் யாரும் பெரிதாகப் பேசிக்கொள்ளும் விஷயம் அல்ல, சார். மின்விசிறி நிற்கும், கையில் கிடைத்ததை வைத்து விசிறிக்கொள்வோம், திரும்ப ஓடும்.

எங்கள் இதய மருத்துவமனையில் மட்டும் அது கொஞ்சம் வேலை வைக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் கிளையில் எடுக்கிற ஈசிஜி, லைன் வழியாக ராஜபாளையம் சர்வருக்கு வரும். டாக்டர் இங்கிருந்தே பார்த்து என்ன செய்வது என்று சொல்வார். அவர் சொல்லாமல் அங்கே ஓர் ஊசி போடமாட்டார்கள், வேறு இடத்துக்கு அனுப்பவும் மாட்டார்கள். அது எங்கள் வழக்கம்.

எங்கள் சர்வர் லினக்ஸ். கிளை எந்தப் பக்கம் இருக்கிறது என்று அதற்கு நாம்தான் சொல்லித்தர வேண்டும். அந்த நெட்வொர்க்குக்கு இந்த கேட்வே என்கிற வாசல் வழியாகப் போ என்று ஒரே ஒரு வரி. ரூட் என்போம். கையால் தட்டினால் மெஷின் அணையும்வரை நிற்கும். சர்வரின் கோப்பில் எழுதிவிட்டால் என்றைக்கும் நிற்கும். கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு நான் சேர்ந்த புதிதில் கையால் தட்டினேன். கோப்பில் எழுத மறந்துவிட்டேன். அது உண்மையிலேயே மறதிதான்.

அடுத்த முறை கரண்ட் போய், சர்வர் அணைந்து எழுந்தபோது ஷெரின் அழைத்தாள். கிளையில் ஈசிஜி எடுப்பவள்.

“எட்வின் அண்ணே, இங்கன லைன் போயிருச்சு. உங்க ஊரு கரண்டுக்கு எங்க மேல அப்படி என்ன கோவம்?”

வரியைத் தட்டினேன்.

“வந்திருச்சுண்ணே. நீங்க இல்லாட்டி நாங்க என்னதான் செய்யப் போறோமோ” என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு நாள் முழுக்க என்னோடு இருந்தது. கோப்பைத் திறந்தேன், எழுதாமல் மூடிவிட்டேன். எழுதிவிட்டால் அவள் என்னை அழைக்கக் காரணமே இருக்காது. அதை நினைத்தாலே எனக்குப் பயமாக இருந்தது. பிறகு கரண்ட் போனால் சர்வரைத் தாங்கும் யூபிஎஸ் பேட்டரி பலவீனமானது. மாற்றச் சொன்னார்கள்; தள்ளிப்போட்டேன். கரண்ட் போகும்போதெல்லாம் அவள் அழைத்தாள். அவள் அண்ணே என்றுதான் கூப்பிட்டாள், உண்மை. ஆபீஸில் எல்லோரும் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

அவளுக்கும் ஜெர்வினுக்கும் கல்யாணம் நடந்தது. சர்ச்சுக்குப் போய் வாழ்த்திவிட்டு வந்தேன். நல்ல பையன். அதன்பின் அவள் அழைப்பில் சிரிப்பு குறைந்து அவசரம் கூடியது. “சீக்கிரம் போடுங்கண்ணே, அவுக வாசல்ல காத்துக்கிட்டு நிக்காக.”

போன வாரம் மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். திரையில் கிளையிலிருந்து புதிதாக ஒரு பெயர் வந்தது. ஜெர்வின், வயது முப்பத்துநான்கு. ஈசிஜி படம் வந்து சேருவதற்குள் லைன் போய்விட்டது.

போன் அடித்தது.

“அண்ணே, லைன் இல்ல. அவுகளுக்கு நெஞ்சு வலிக்குதாம், வேர்த்துக் கொட்டுது. செத்த சீக்கிரம் போடுங்கண்ணே.”

அப்படிப் பயந்த குரலை நான் கேட்டதே இல்லை.

“பாக்குறேம்மா. பதறாத.”

மறுபடி அழைத்தாள். “வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பட்டுமா? டாக்டர்ட்ட காமிங்கண்ணே.”

“வேண்டாம்மா, அதுல தெளிவா இருக்காது. டாக்டர்ட்ட சொல்லிட்டேன். லைன்லயே வரட்டுங்காரு.”

டாக்டர் அடுத்த அறையில்தான் இருந்தார். அவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

அவள் அழைத்துக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு முறையும் எடுத்தேன். ஒரே நாளில் அத்தனை முறை அவள் என்னைத் தேடியதில்லை. கடைசி அழைப்பையும் எடுத்தேன். பின்னால் யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

ஜெர்வினை அடக்கம் செய்த அன்று மாலையே அந்த வரியைக் கோப்பில் எழுதிவிட்டேன். பேட்டரியும் மாற்றியாயிற்று. இனி ஷெரினுக்கு ஒரு சிரமமும் இருக்காது.

எல்லோரிடமும் கரண்ட் போனதாகச் சொன்னேன். நீங்கள் விசாரித்திருப்பீர்கள். அன்று கரண்ட் போகவில்லை. பெயரைப் பார்த்ததும் அந்த வரியை அழித்தது நான்தான்.

இப்போது எனக்கு ஒரே ஒரு பயம். என் போனை வாங்கி வைத்திருக்கிறீர்கள். அதை மட்டும் அணைத்துவிடாதீர்கள், சார். பாவம், தனியாக இருக்கிறாள். அழைப்பாள்.