உள்ள இருக்காரு

ராத்திரி பதினொரு மணி. சுங்கை சிப்புட் தாண்டி, செம்பனைத் தோட்டத்துக்குள்ள போற மண் ரோடு. லைட்டு கிடையாது. முன்னாடி ரப்பர் எஸ்டேட்டு, லயத்து வீடெல்லாம் சனம். இப்ப வெளிச்சம் தெரியிறது ஒரே வீட்டுலதான்.

அந்த வீடு நம்ம தினேஸ்வரியோட பெரியம்மா வீடு. புஷ்பலதாக்கா. கதை விடுறேன்னு நினைச்சா தினேஸ்வரியையே கேளுங்க. ஷர்வின், போன் லைட்ட அணைச்சிட்டு கிட்ட வா லா.

அக்கா வீட்டுக்காரரு தனேஸ்வரன். ரப்பர அழிச்சு செம்பனை போட்டதும் இங்க வேலை இல்ல... சிங்கப்பூர்ல வெல்டிங்குக்குப் போயிட்டாரு. முதல்ல மாசாமாசம் வந்தாரு. அப்புறம் தீபாவளிக்கு மட்டும். அப்புறம் வெறும் போனு. பணந்தான் ஒழுங்கா வருதே, அவளுக்கென்ன குறைன்னு ஊரு சொல்லும். பணம் பக்கத்துல உக்காந்து சோறு திங்குமா?

பொம்பளை தனியா இருக்கான்னு வெளிய தெரியக்கூடாது. அதனால வாசல்ல எப்பவும் அவரோட செருப்பு கிடக்கும். யாராச்சும் கதவத் தட்டுனா, அக்கா உள்பக்கம் திரும்பி சத்தமா கூப்பிடும். "என்னங்க, யாரோ வந்திருக்காங்க, பாருங்க." தட்டுனவன் போயிருவான். ஆனா கூப்பிட்டு முடிச்சதும், பதில் வராத அந்த வீட்டுல நிக்கிறதுதான் அக்காவுக்குத் தாங்காது.

ஒரு நாள் நல்ல மழை. தட்டுற சத்தம். அக்கா வழக்கம்போல கூப்பிட்டுச்சு.

ரூம்புல கட்டில் கிரீச்சுன்னுச்சு.

அப்புறம் ஒரு இருமல்... ஆம்பளை இருமல்.

வெளிய நின்னவன் போயிட்டான். அக்கா அசையல. புளிச்ச ரப்பர் பால் வாடை. அந்தப் பக்கம் பால் வெட்டி எத்தனையோ வருஷமாச்சு. எட்டிப் பார்த்தா ஆளு இல்ல. மெத்தையில ஒரு பக்கம் மட்டும் பள்ளம். தொட்டா சூடு.

தைப்பிங்ல தங்கச்சி வீட்டுக்குப் போயிடலாம்னு பையெல்லாம் கட்டிடுச்சு. ஆனா போகல. மறுநாள் யாரும் தட்டாமலே மெதுவாக் கூப்பிட்டுப் பார்த்துச்சு.

"என்னங்க..."

"ம்."

அவ்வளவுதான். ஒரு 'ம்'முக்கு மனுஷி எவ்வளவு ஏங்கிப் போயிருக்கணும். பாவம்லா.

அதுக்கப்புறம் சாப்பாட்டுக்கு ரெண்டு தட்டு வச்சுச்சு. போன்ல பேச்சு கொறஞ்சிருச்சு. ஒருநாள் தனேஸ்வரனுக்கு அந்த இருமல் போன்லயே கேட்டிருக்கு. யாருன்னு கேட்டாரு. டிவின்னு சொல்லிடுச்சு.

அவரு நம்பல. சொல்லாம கொள்ளாம கெளம்பி வந்துட்டாரு. அதுதான் நான் சொன்ன அந்த பதினொரு மணி. மண் ரோட்டுல நடந்து வந்து கதவத் தட்டுனாரு.

"லதா, நான்தான். வேலைய விட்டுட்டேன். இனிமே எங்கயும் போக மாட்டேன். கதவத் தொற."

இத்தனை வருஷமா அக்கா காத்துக்கிட்டிருந்த வார்த்தை. அழுகை பொங்கி வருது, ஓடிப்போய் தாழ்ப்பாள்ல கை வச்சிடுச்சு.

பின்னால கட்டில் கிரீச்சுன்னுச்சு. வெறுங்கால் நடந்து வர்ற சத்தம்... பால் வாடை... காதுகிட்ட அதே புருஷன் குரலு.

"தொறக்காத. அவன் திரும்பப் போயிருவான்."

அக்கா கை தாழ்ப்பாள்லயே நின்னுச்சு. ரொம்ப நேரம். அப்புறம் எடுத்துருச்சு.

"யாருங்க? எங்க வீட்டுக்காரரு உள்ள இருக்காரு."

தனேஸ்வரன் கெஞ்சினாரு, கத்துனாரு, கதவ இடிச்சாரு. உள்ள ஆம்பளை இருமுற சத்தம் கேட்டதும் அப்படியே அடங்கிட்டாரு. விடிஞ்சதும் சிங்கப்பூருக்கே... திரும்பப் போயிட்டாரு.

போன மாசம் தினேஸ்வரி அங்க போனா. வாசல்ல அவரு செருப்பு இல்ல. பெரியம்மா செருப்பு மட்டும் கெடந்துச்சு, தூசி படிஞ்சு. கதவத் தட்டுனா.

உள்ள இருந்து ஒரு ஆம்பளைக் குரல், சத்தமா.

"லதா, யாரோ வந்திருக்காங்க, பாரு."

தினேஸ்வரி நின்னுக்கிட்டே இருந்தா. யாரும் வரல.