தினம் ஒரு பெரிய மனிதர்

"இன்னைக்கு எந்தப் பெரிய மனுசன அனுப்புறதுன்னு தெரியல அண்ணி."

மாத்தளையிலிருந்து கண்டி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்த பெண் இப்படிச் சொன்னார். அவருடைய போனில், ஒரு பல்கலைக்கழகத்தில் படித்தவர்களும் படிப்பித்தவர்களும் படத்தோடு வரிசையாக இருந்தார்கள். மகள் அங்கே முதல் வருடமாம். ராகிங் தாங்காமல் படிப்பை விடப் போகிறாளாம். தைரியம் வரட்டும் என்று தாய் தினமும் காலையில் ஒருவருடைய வரலாற்றை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறாராம்.

"நேத்து யாரு?" என்று பக்கத்திலிருந்த அண்ணி கேட்டார்.

"ஒரு நீதிபதி. அதுக்கு முந்தி ஒரு விஞ்ஞானி. நாலு நாளா புள்ள பதிலே போடல."

"நானா இருந்தாலும் போட மாட்டேன். அவ அழுதுக்கிட்டுக் கெடக்கா, நீ நீதிபதிய அனுப்புற."

"அவங்களும் அதே கெம்பஸ்லதானே படிச்சாங்க."

"படிச்சாங்க. மொத வருசம் எத்தன நாள் அழுதாங்கன்னு இதுல போட்டிருக்கா?"

தாய் திரையைத் தள்ளித் தள்ளி உண்மையாகவே தேடினார். "இல்ல அண்ணி."

போன வாரம் இதேபோல ராகிங் தாங்காமல் வீட்டுக்கு வந்த என் மகனை, பேசிப் பேசித் திருப்பி அனுப்பியிருந்தேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பஸ் அக்குறணையில் நின்றபோது தாய் மகளுக்கு ஏதோ எழுதி, அண்ணிக்கு வாசித்துக் காட்டினார். "அம்மா வந்துக்கிட்டு இருக்கேன். நீ வர்றேன்னா பெட்டியையும் எடுத்துக்கிட்டு வந்துருவோம்."

கட்டுகஸ்தோட்டை தாண்டும்போது பதில் வந்தது.

"என்ன சொல்றா?"

"இடியப்பம் கேக்குறா."

"வீட்டுக்கு வர்றதப் பத்தி?"

"அதப் பத்தி ஒண்ணும் இல்ல. ரூம்ல இருக்கிற புள்ளைக்கும் சேர்த்துக் கொண்டாரச் சொல்றா."